முப்பத்தொன்பதே கால் அங்குலம்

ராதர்ஹாம்
1986 ஜனவரி 12

ராய்,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருக்கிறாய் என்றால் சந்தோஷம். அண்ணன் தம்பி பேசி ஆறு வருஷம் ஆகிறது. நடுவில் நான் நாலைந்து கடிதம் எழுதினேன், எல்லாம் அடுப்புக்குத்தான் போயிற்று.

பெரில் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. உன் பெண்டாட்டியைத் திட்டாதே, அவள் உள்ளே நாலு வரிதான் எழுதியிருந்தாள். “ராயின் முதுகு வலிக்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்துவிட்டது, நெவில். முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகிற நோயாம். பத்து வருஷமாகவே உள்ளே இருந்திருக்கும் என்கிறார் டாக்டர்.”

பத்து வருஷம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பத்துக்குள்தான் அந்த மைதானமும் வருகிறது.

நீயும் நானும் சேர்ந்து வாங்கிய கார். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டினோம். பழைய பீட்டில் காரின் அடித்தட்டு, அதன் மேல் அந்த ஃபைபர் கூடு. கார் கண்காட்சி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனால், உனக்குத் தலை கூரையில் இடித்தது. எல்லாரும் கொஞ்சம் சரிந்து உட்காருகிறார்கள், நீ மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று எனக்கு எரிச்சல். “உனக்கு மட்டும் என்னடா சிம்மாசனமா? சரிஞ்சு உக்காருடா, நெட்டக் கொக்கே” என்று இரண்டு தோளையும் பிடித்து அமுக்கினேன். நீ கத்தினாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ராய். அதுதான் தூங்க விடவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வராது என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது தகடு வேலை. கூரையை உயர்த்த முடியாது, அது ஒரே வார்ப்பு. ஆனால் தரையை இறக்கலாம். இடது பக்கம் சீட்டுக்கு அடியில் தரையை வெட்டி எடுத்துவிட்டு, தட்டு மாதிரி மடித்த தகடு ஒன்றைக் கீழே தொங்கவிட்டு வெல்டிங் வைத்தால், சீட்டு இறங்கும். வளையாத முதுகு என்றால் நீ நிமிர்ந்துதான் உட்கார வேண்டும். நிமிர்ந்தே உட்காரு. அதற்கு இடம் செய்வது என் பாடு.

உட்கார்ந்த நிலையில் சீட்டிலிருந்து உச்சந்தலை வரை உன் அளவு மட்டும் வேண்டும். கார் முடிந்ததும் முதல் ஓட்டம் ஃபைலி கடற்கரைக்கு, இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று பேசினோம். நான் இன்னும் போகவில்லை. அந்தக் கண்காட்சிக்கு அப்புறம் கார் கொட்டகையை விட்டு வெளியே வந்ததே கிடையாது.

நெவில்

*

கிட்டர்மின்ஸ்டர்
1986 பிப்ரவரி 2

நெவில்,

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. பெரில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

உன் அன்புக்கு நன்றி. ஆனால் உன் ஞாபகத்தில் ஒரு பிழை இருக்கிறது, திருத்திவிடுகிறேன். அளவு கேட்கிறாய். நான் அளவு கொடுத்திருக்கிறேன். 1977 அக்டோபரில், கூடு வாங்கப் பணம் கட்டுவதற்கு முன்பே, என் கையால் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, சீட்டிலிருந்து தலை வரை இத்தனை அங்குலம் என்று எழுதி உன் கையில் தந்தேன். நீ அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, “அதெல்லாம் சரியா வரும்டா, விளம்பரத்துல ஆறடி ஆளு உக்காந்திருக்கான் பாரு” என்றாய். விளம்பரத்தில் இருந்தவன் ஆறடி. நான் ஆறடி நாலங்குலம்.

இருபத்தெட்டு வருஷம் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். என் வரைபலகையிலிருந்து தப்பு அளவோடு ஒரு தாள் வெளியே போனதில்லை. கொடுத்த அளவைப் படிக்காத ஆட்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

கத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன் என்பதையும் சேர்த்துக்கொள். உட்கார முடியவில்லை.

காரை யாருக்காவது விற்றுவிடு. சரிந்து உட்காரத் தெரிந்த ஆளாகப் பார்த்து விற்றுவிடு.

ராய்ஸ்டன்

*

ராதர்ஹாம்
1986 பிப்ரவரி 10

ராய்,

திட்டு வாங்கிக்கொண்டேன். இன்னும் இருந்தாலும் அனுப்பு.

அந்தத் தாளை நான் தொலைத்துவிட்டேன். படித்தேனா என்றால், இல்லை. நீ எப்போதுமே தேவைக்கு மேல் அளவு எழுதுகிற ஆள், பறவைக் கூண்டு செய்யக்கூட மூன்று படம் போடுகிறவன் என்று நினைத்துக்கொண்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இரண்டு வருஷ வேலையில் ஒரு தடவைகூட உன்னை உள்ளே உட்கார வைத்துப் பார்க்கவில்லை. சீட்டு கடைசியில்தான் வந்தது என்பேன். சாக்குத்தான். ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார வைத்திருக்கலாம்.

விற்க மாட்டேன். அதில் பாதி உன்னுடையது.

மறுபடி அளந்து அனுப்பு. முதுகு சாயாத அடுப்படி நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடு. உட்காரு. பெரில் உன் தலைமேல் தடிமனான புத்தகம் ஒன்றைச் சுவருக்கு நேராக வைக்கட்டும். புத்தகத்தின் அடியில் சுவரில் பென்சில் கோடு. நாற்காலிப் பலகையிலிருந்து கோடு வரை. அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேலை. வேண்டுமானால் நானே டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்.

இப்போது சீட்டிலிருந்து கூரைக்கு முப்பத்தாறரை. அதற்கு மேல் உனக்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு கீழே போகிறேன்.

நெவில்

*

கிட்டர்மின்ஸ்டர்
1986 மார்ச் 16

நெவில்,

நீ வர வேண்டாம். வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது.

நீ சொன்னபடி நாற்காலி, சுவர், புத்தகம், பென்சில். முப்பத்தொன்பதே கால் அங்குலம்.

தலைக்கும் கூரைக்கும் நடுவில் அரை அங்குலமாவது விடு. ஆக மூன்றேகால் இறக்க வேண்டும். தட்டை ஒரே தகட்டில் மடி, நாலு துண்டாக ஒட்டுப் போடாதே. மூலையில் தண்ணீர் வடிய ஒரு துளை வை, ரப்பர் மூடியோடு. நடுவில் நீளமாக ஓடுகிற அந்தக் கூட்டுக்குழாய்தான் அந்த வண்டிக்கு முதுகெலும்பு, அதில் ரம்பம் பட்டால் மொத்தமும் துவண்டுவிடும். தெரியும் என்பாய். தெரிந்தவர்கள்தான் வெட்டுகிறார்கள்.

படம் ஒன்று இணைத்திருக்கிறேன். தயவுசெய்து படி.

ராய்

*

ராதர்ஹாம்
1986 மே 25

அடேய் ராய்,

முடிந்தது!

உன் படத்தைக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன், இந்த முறை சட்டைப் பைக்குள் போகவில்லை. பழைய தரையை வெட்டும்போது பாதி துருவாகவே உதிர்ந்தது. உன்னை உட்கார வைத்து நான் ஓட்டியிருந்தால், போகிற வழியில் நீ ரோட்டில் நடந்து வந்திருப்பாய்.

பதினாறாம் கேஜ் தகடு, நல்ல கனம். ஒரே துண்டு. தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் மடிப்பு எந்திரத்தில் வைத்து மடித்தேன். ஃபோர்மேன் வந்து, “என்னப்பா இது, ரொட்டி சுடுற தட்டா?” என்றான். “எங்கண்ணன் உக்காரப் போற தட்டு” என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொங்கவிட்டு, சுற்றி வெல்டிங் வைத்து, உரசி, சிவப்பு ஆக்சைடு அடித்து, அடியில் தார் பூசியாயிற்று. துளையும் வைத்தேன், மூடியோடு. முதுகெலும்பைத் தொடவில்லை, சத்தியமாக.

ஒரு விஷயம், திட்டாதே. தகட்டில் கோடு கீறுகிற ஊசி கையில் இருந்தது. சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில், உன் அளவைக் கீறி வைத்தேன். “ராய் 39¼”. ஆழமாகவே கீறியிருக்கிறேன், பெயிண்ட் அடித்தாலும் தெரியும். இனி தொலையாது.

எங்கள் காலனிப் பால்காரன் உன் உயரம்தான் இருப்பான். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தலைக்கும் கூரைக்கும் நடுவில் என் விரல் தாராளமாகப் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ராய். அந்த ஆள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பால் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வரிச்சீட்டு, தகுதிச் சான்று எல்லாம் ஆயிற்று. ஜூன் எட்டாம் தேதி ஞாயிறு காலையில் கிளம்பி மதியத்துக்குள் உன் வாசலில் நிற்பேன். வேண்டாம் என்று எழுதினால் கடிதம் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். உன்னை அந்தச் சீட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

நெவில்

*

ராதர்ஹாம்
1986 ஜூன் 11

ராய்,

நான் செய்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

கதவு திறந்தது. ஒரு கிழவர் நின்றார். முகம் தெரியவில்லை, வழுக்கை விழுந்த உச்சந்தலைதான் எனக்கு நேராக இருந்தது. நீ யாரையோ வாடகைக்கு வைத்திருக்கிறாய் போல என்று நினைத்தேன். “மன்னிக்கணும், ராய்ஸ்டன் வீட்ல இருக்காரா?” என்று கேட்டேன்.

உன்னிடமே கேட்டேன்.

“இருக்கான். குனிஞ்சு பாரு, கீழதான் இருக்கான்” என்று நீ சொன்னாய். குரல் மட்டும் அப்படியே இருந்தது. நான் குனிந்தேன். நீ கண்ணை மட்டும் மேலே உருட்டி என்னைப் பார்த்தாய். வாழ்நாள் முழுக்க உன்னை அண்ணாந்து பார்த்தவன் நான்.

பிறகு நான் கத்தினேன். “அப்ப ஏன்டா அந்த அளவ எழுதின? என்னை முட்டாளாக்கவா?” என்று உன் வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, நோயாளியைப் பார்த்துக் கத்தினேன். உன்னை ஒரு தடவை தொடக்கூட இல்லை. காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். கண்ணாடியில் பெரில் கை காட்டிக் கூப்பிட்டது தெரிந்தது.

மைதானத்தில் ஒன்று, இப்போது ஒன்று. இரண்டு தடவையும் உன் முதுகைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு தடவையும் கத்தத் தெரிந்திருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் சொல். ஏன்?

நெவில்

*

கிட்டர்மின்ஸ்டர்
1986 ஜூன் 29

நெவில்,

கேட்டாய், சொல்கிறேன்.

மார்ச்சில் உன் கடிதத்தின்படியே எல்லாம் செய்தோம். பெரில் நாற்காலியைப் போட்டாள், நான் உட்கார்ந்தேன். புத்தகத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலை சுவரைத் தொட்டால்தானே? சுவருக்கும் என் பிடரிக்கும் நடுவில் ஒரு முழம். அவள் வைத்தாள், புத்தகம் சரிந்து என் மடியில் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள், வெகுநேரம் வரவில்லை.

கடைசியில் எப்படியோ அளந்தாள். முப்பத்துமூன்றரை.

அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான் தப்பு அளவு எழுதுகிற ஆளா? ஆனால் நெவில், இப்போதெல்லாம் என்னிடம் எல்லாரும் கேட்பது வலி எப்படி, மாத்திரை போட்டாயா, எத்தனை அடி நடக்க முடிகிறது. போன வருஷமே அலுவலகத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள், பலகையில் தாளின் மேல் பக்கம் எனக்குத் தெரியவில்லை என்று. என் உயரத்தை நீ ஒருவன்தான் கேட்டாய். அதுவும், அதற்கு இடம் போதவில்லை, தரையை வெட்டுகிறேன் என்று கேட்டாய். அந்த உயரத்து ஆளுக்காக ஒரு காரை வெட்டப் போகிறாய் என்றதும், அந்த ஆளே இப்போது இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கை தானாகப் பழைய அளவை எழுதிற்று. தபாலில் போட்டுவிட்டு வந்து அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். முட்டாளாக்க நினைக்கவில்லை. நீ வந்து நிற்கும் வரை அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. எழுதியது பிசகு, ஒத்துக்கொள்கிறேன். நான் வெளியே அனுப்பிய ஒரே தப்பு அளவு அதுதான்.

முதுகு நிமிர்ந்தபடி இறுகும் என்று நீ நினைத்தாய். அப்படியும் சிலருக்கு இறுகுமாம். எனக்குக் குனிந்தபடி இறுகிவிட்டது.

ஃபைலிக்கு வர முடியாது. குலுக்கல் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் கழுத்து ஒடிந்துவிடுமாம். உன் வண்டி எவ்வளவு மெத்தென்று போகும் என்பது எனக்குத் தெரியும்.

நீ ஓடிப்போனதில் எனக்குக் கோபம் இல்லை. நான் மட்டும் என்ன, அந்த மைதானத்திலிருந்து ஆறு வருஷம் ஓடவில்லையா?

ராய்

*

ராதர்ஹாம்
1986 ஆகஸ்ட் 3

ராய்,

அந்தப் பழைய தாள் கிடைத்துவிட்டது. 1977 தாள். போல்ட் டப்பாவுக்கு அடியில், எண்ணெய் ஊறிக் கிடந்தது. அம்புக்குறி, உன் கையெழுத்து, 39¼. எட்டு வருஷத்துக்கு அப்புறமும் கால் அங்குலம்கூட மாறாத அளவு. இந்தத் தாளை அன்றைக்கே படித்திருந்தால், நோய்க்காரன் ஒருவன் கால் அங்குலம்கூட மாறாமல் இருப்பானா என்று மார்ச்சிலேயே எனக்குத் தோன்றியிருக்கும். “வர வேண்டாம்” என்று எழுதினாயே, அங்கேயாவது உறைத்திருக்க வேண்டும். எனக்குத் தரையை வெட்டுகிற அவசரம். உன்னைப் பார்க்காமலே காரை முடித்தேன், இரண்டாவது தடவையும்.

நேற்று முழுக்கக் காருக்குள்ளேயே இருந்தேன். நீ இப்போது உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஆறேகால் அங்குலம் காலி. டேப் வைத்துப் பார்த்தேன். தரையை வெட்டாமலே விட்டிருந்தாலும் மூன்று அங்குலம் மிச்சம் இருந்திருக்கும். இப்போது முன்கண்ணாடி உன் கண்ணுக்கு எட்டாத உயரம். அந்தக் காலி இடத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பால்காரன் தலை இருந்த இடம் அது.

பைன் மரத்தில் ஒரு கட்டை செய்திருக்கிறேன், மேலே மெத்தை வைத்து. ஐந்து அங்குலம். சீட்டில் வைத்தால் நீ மேலே வருவாய். வெட்டி எடுத்ததைவிட அதிகமாகவே திரும்ப வைக்கிறேன். கீறிய அந்த எண்ணையும் கிரைண்டர் வைத்து உரசி எடுத்துவிடுகிறேன், நீ அதைப் பார்க்க வேண்டாம்.

ஃபைலி வேண்டாம். உன் தெரு முனை வரைக்கும் போதும். ஊர்ந்து போகிறேன், நடக்கிற வேகத்தில். டாக்டரிடம் கேட்டுச் சொல். இந்த முறை கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நெவில்

*

கிட்டர்மின்ஸ்டர்
1986 செப்டம்பர் 22

நெவில்,

நேற்று நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகப் பெரில் சொன்னாள். வரைபலகையின் சரிவில் தாளை ஒட்டிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் முகம் நேற்று வாடிப்போயிற்று, அதனால் எழுதுகிறேன். தெரு முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, “கட்டைய எடுத்துடுடா, நெவில்” என்று நான் சொன்னதும், கட்டையும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாய். நீ எடுத்து வெளியே போட்டாய். அதை அணைத்துக்கொண்டு பெரில் நடந்து வந்தாள். அவள் நம்மை முந்திக்கொண்டு போனதை வைத்தே உன் வேகத்தைத் தெரிந்துகொள்ளலாம்; நடக்கிற வேகம் என்றால் போய் வா என்ற டாக்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

கட்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலே தூக்கி வைத்தாலும் என் கண் கீழேதான் பார்க்கும், நெவில். கட்டைமேல் உட்கார்ந்தால் என் முட்டிதான் தெரிந்தது. நீ பாவம், வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய், “இதோ வேலி, இதோ தேவாலயம், அங்க ஒரு மாடு நம்மள மொறைக்குதுடா” என்று. கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஒன்றையும் பார்க்கவில்லை.

கட்டையை எடுத்த பிறகு காலை நீட்டி உட்கார்ந்தேன். திரும்பி வருகிற வழி முழுக்க நீ செய்த தரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரே துண்டு. மடிப்பு நேராக இருக்கிறது. வெல்டிங்கில் ஓர் இடத்தில்கூட ஓட்டை இல்லை. அலுவலகத்தில் நான் போட்ட எத்தனையோ படங்களை யார் யாரோ செய்தார்கள், இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை. சின்ன வயதிலிருந்து உன்னை அவசரக்காரன் என்று திட்டியிருக்கிறேன். திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

என் ஷூவை நகர்த்தினேன். கீறல் அப்படியே இருந்தது. உரசுகிறேன் என்று எழுதினாயே, மறந்துவிட்டாயா, கை வரவில்லையா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேருமே அழுதிருப்போம், நீ வண்டியை வேலியில் விட்டிருப்பாய்.

அதை உரசாதே. மேலே பெயிண்டும் அடிக்காதே. அந்த அளவில் ஒருத்தன் இருந்தான் என்பதற்கு என் வீட்டில் ஒரு கோடுகூட இல்லை. மார்ச்சில் சுவரில் போட்ட கோடு முப்பத்துமூன்றரையில் இருக்கிறது.

இனியும் குனியும் என்கிறார் டாக்டர். குனியட்டும். அடுத்த ஞாயிறு நீ வரும்போது, “ராய் 39¼” எனக்கு இன்னும் கிட்டத்தில் தெரியும்.

ராய்